சும்மா இருந்தாளாம்!

"உங்கள் மனைவி என்ன வேலை பார்த்து வந்தார்?"

"வேலை ஒண்ணும் இல்லீங்க. வீட்லே சும்மாதான் இருந்துச்சுங்க."

கேட்பவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல். பதில் சொல்பவன் மனைவியைச் சாலை விபத்திலே பறிகொடுத்தவன். இடம், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் சாட்சிக் கூண்டு. அவனுக்குப் பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். ஒருவனல்ல அவன், ஓராயிரம் பேர்! எந்த மாவட்டத் தலைநகரிலும், எந்த வேலை நாளிலும், இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் காதிலே விழக்கூடும். பதிலைக் கேட்டதும் வக்கீலின் முகத்திலே ஒரு மலர்ச்சி. "குறித்துக்கொள்ள வேண்டுகிறேன், கனம் நீதிபதி அவர்களே! இறந்துபோனவருக்கு வருமானம் ஏதும் இல்லை." அமர்ந்துவிடுகிறார். அவருடைய வேலை முடிந்தது.

கூண்டிலே நிற்பவனுக்குத் தெரியாது, தோழரே, தான் சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு, 'சும்மா' என்ற அந்த மூன்றெழுத்துச் சொல்லுக்கு, என்ன விலை என்று! பல லட்சம் ரூபாயை அந்த மூன்றெழுத்து தின்று தீர்த்துவிட்டது.

சும்மா இருந்தாளாம்! கோழி கூவுமுன் எழுந்தவள் அவள். வாசல் தெளித்தாள், குழாயடியிலே வரிசை பிடித்தாள், நாலு குடம் சுமந்தாள், அடுப்பு மூட்டினாள். பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பினாள். கணவனுக்குத் தூக்குச் சட்டியிலே சோறு கட்டினாள். படுத்த படுக்கையான மாமியாருக்குக் கஞ்சி கொடுத்தாள், துணி மாற்றினாள். ரேஷன் கடையிலே கால் கடுக்க நின்றாள், மாவாட்டினாள், துவைத்தாள், துலக்கினாள். இரவு எல்லோரும் உண்ட பிறகு மிச்சமிருந்ததை உண்டாள். இவ்வளவும் செய்தவளுக்கு ஊர் கொடுத்த பட்டம், 'சும்மா இருக்கிறவள்'. அவளும் அதை நம்பினாள். அதுதான் கொடுமையிலும் கொடுமை. "நீ என்னம்மா செய்கிறாய்?" என்று கேட்டிருந்தால், உயிரோடு இருந்தபோது அவளே சொல்லியிருப்பாள், "சும்மாதான் இருக்கேன்" என்று.

அதே விபத்திலே நசுங்கிய லாரியைப் பாருங்கள்! அதற்குச் சர்வேயர் வருகிறார். முகப்புக் கண்ணாடி இவ்வளவு, ரேடியேட்டர் இவ்வளவு, தகரம் தட்டிப் பெயிண்டு அடிக்கும் கூலி இவ்வளவு என்று திருகாணி வரை எண்ணி எழுதுகிறார். லாரி பட்டறையிலே கிடந்த நாட்களிலே வராமற்போன வாடகை எவ்வளவு என்று கேட்டு, மோதியவன்மீது வழக்குத் தொடுக்கவும் உரிமையாளருக்கு வழியுண்டு. இரும்புக்கு ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். இரத்தமும் சதையுமாக இருபதாண்டுக் காலம் உழைத்தவளுக்கு ஒரு கணக்குப்பிள்ளை கிடைக்கவில்லை.

சட்டத்தின் அடிப்படை என்னவோ அழகானதுதான். பிறர் தவற்றால் ஒருவன் நட்டப்பட்டால், பணத்தால் எவ்வளவு முடியுமோ அவ்வளவுக்கு அவனைப் பழைய நிலையிலே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அந்த நட்டத்திலே இரு வகை. வலி, வேதனை, பிரிவுத் துயர் ஒரு வகை. அதற்கு அளவுகோல் கிடையாது; மன்றம் ஏதோ ஒரு தொகை தருகிறது. மற்றது, எண்ணிப் பார்க்கக்கூடிய நட்டம். மருத்துவமனைச் செலவு, மருந்துச் சீட்டு, போன சம்பளம், இனி வராத வருமானம் எல்லாம் இந்த வகை. இதை எண்ணிக் காட்ட வேண்டும், சான்று வைத்து மெய்ப்பிக்க வேண்டும். இங்கேதான் சூது நுழைகிறது. எண்ணிக் காட்ட முடிவது எது? சம்பளச் சீட்டு உள்ளது. சம்பளச் சீட்டு யாரிடம்? பெரும்பாலும் ஆணிடம். சீட்டு இல்லாதவளுடைய நட்டம் எண்ணிக்கைக்கே வரவில்லை! கணக்கிலே வராததை நட்டமே இல்லை என்று சொல்லிவிடுவது எவ்வளவு எளிது!

இந்தக் கதை இன்று தொடங்கியதல்ல. 1808-ஆம் ஆண்டு இங்கிலாந்திலே ஒரு வழக்கு. மதுக்கடை நடத்தியவர் ஒருவர், மனைவியோடு குதிரைக் கோச்சு வண்டியின் மேற்தட்டிலே பயணம் செய்தார். வண்டி கவிழ்ந்தது. மனைவி படுகாயமுற்று, ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து மருத்துவமனையிலே மாண்டார். அந்த அம்மையார் அவருக்குத் துணைவி மட்டுமல்ல. கடை நடத்துவதிலே பெரும் உதவியாகவும் இருந்தவர். கணவர் வழக்குத் தொடுத்தார். விசாரித்தவர் எல்லன்பரோ பிரபு. அவர் வகுத்த விதி என்ன தெரியுமா? மனைவி உயிரோடு இருந்த அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் ஈடு கேட்கலாம். அவள் இறந்ததற்கு ஈடு கிடையாது. மனிதன் ஒருவன் இறந்துபோனான் என்பதை உரிமையியல் மன்றத்திலே ஒரு நட்டமாக முறையிட இயலாது என்றார்! கிடைத்தது நூறு பவுன்.

விந்தையைக் கண்டீர்களா? காலை ஒடித்தால் காசு கொடுக்க வேண்டும். உயிரையே எடுத்துவிட்டால் ஒன்றும் கொடுக்க வேண்டாம். அடிக்கிற அடியிலே ஆளே போய்விட்டால் அடித்தவனுக்கு ஆதாயம்! இன்னொரு வேடிக்கையும் அந்நாளிலே அங்கே உண்டு. மனிதனைக் கொன்ற பொருள், அது வண்டிச் சக்கரமானாலும் சரி, எருதானாலும் சரி, பறிமுதலாகி முடியரசுக்குச் சேர வேண்டும் என்பது பழைய மரபு. மாண்டவனுடைய மனைவி மக்களுக்கு அது சேர வேண்டும் என்ற சட்டம் இல்லை!

ரயில் வந்தது, விபத்தும் வந்தது. 1846-இலே காம்பெல் பிரபு கொண்டுவந்த சட்டம் எல்லன்பரோவின் விதியிலே ஓட்டை போட்டது. இறந்தவனை நம்பியிருந்த குடும்பம் ஈடு கேட்கலாம் என்றாயிற்று. பறிமுதல் மரபும் அதே ஆண்டிலே ஒழிந்தது. நம் நாட்டிலே கும்பெனி ஆட்சி 1855-இலே அதைப் பின்பற்றி மரண விபத்துச் சட்டம் செய்தது. இராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியது 1856-இலே. ரயிலுக்கு முந்தியே சட்டம் வந்துவிட்டது என்று மகிழலாம். ஆனால் அந்தச் சட்டம் பார்த்ததெல்லாம் குடும்பத்துக்கு வந்து கொண்டிருந்த காசு நின்றுபோனதைத்தான். காசு கொண்டுவராமல் கஞ்சி வார்த்தவள் கதை? இங்கிலாந்திலேயே 1915-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று, மனைவி செய்த வீட்டு வேலையின் இழப்பும் பண நட்டமே என்று ஒரு நீதிபதி சொல்ல. 1976-இலே இன்னொரு நீதிபதி மேலும் ஒரு படி சென்றார். வீட்டு வேலைக்காரியின் கூலியை மட்டும் வைத்துத் தாயின் உழைப்பை அளந்துவிடக் கூடாது, தாய்க்கு வேலை நேரம் என்று ஒன்று கிடையாதே என்றார்.

இங்கே என்ன நடந்தது? மோட்டார் வாகனச் சட்டத்திலே 1994-இலே ஓர் அட்டவணை சேர்த்தார்கள். இரண்டாம் அட்டவணை என்று அதற்குப் பெயர். வருமானம் இல்லாதவர் இறந்தால், ஆண்டுக்கு 15,000 ரூபாய் வருமானம் இருந்ததாக உத்தேசமாக வைத்துக்கொள் என்றது அது. மாதம் 1,250 ரூபாய். நாளொன்றுக்கு 41 ரூபாய்ச் சொச்சம்! மேடையிலே அவளுக்கு 'இல்லத்தரசி' என்று பட்டம். கல்யாணப் பத்திரிகையிலே குலவிளக்கு. கணக்கேட்டிலே நாளுக்கு 41 ரூபாய். எந்த நாட்டிலே ஐயா, அரசிக்கு இப்படி மானியம் கொடுத்தார்கள்?

சரி, 1994-இலே அப்படி எழுதினார்கள், போகட்டும். விலைவாசிக்கேற்ப அவ்வப்போது மாற்றலாம் என்று அதே சட்டம் மத்திய அரசுக்கு அதிகாரம் தந்திருந்தது. மாற்றினார்களா? அரிசி விலை ஏறியது, எண்ணெய் விலை ஏறியது, அமைச்சர்களின் சம்பளமும் ஏறியது. அந்த 15,000 மட்டும் அசையவில்லை! 2013-இலே உச்ச நீதிமன்றமே, அட்டவணையைத் திருத்துங்கள் என்று மத்திய அரசுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. 2018-இலேதான் அந்த எண் அட்டவணையைவிட்டு அகன்றது. இருபத்து நான்கு ஆண்டுகள்!

அட்டவணையிலே இன்னொரு வாசகமும் இருந்தது. வருமானமில்லாத மனைவி இறந்தால், சம்பாதிக்கும் கணவனுடைய வருமானத்திலே மூன்றிலொரு பங்கை அவளுடைய வருமானமாகக் கொள்ளலாம் என்பது. மேலோட்டமாகப் பார்த்தால் தாராளம்தான். ஆனால் எண்ணிப் பாருங்கள்! பெரிய அதிகாரி வீட்டு அம்மையார் வைத்த ரசமும் ரசம்தான், மூட்டை தூக்கும் தொழிலாளியின் மனைவி வைத்த ரசமும் ரசம்தான். முன்னதற்கு மதிப்பு ஆயிரக்கணக்கிலே, பின்னதற்கு நூற்றுக்கணக்கிலே. இத்தனைக்கும், கூடுதலாக உழைத்தவள் எவள்? தண்ணீரையும் விறகையும் தலையிலே சுமந்தவள், வேலைக்காரி வைத்துக்கொள்ள வழியில்லாதவள், அந்த இரண்டாமவள் அல்லவா? கணவன் ஏழையாக இருந்த குற்றத்துக்கு மனைவியின் உழைப்புக்கு அபராதம்! குடும்பம் வாழ்ந்த வாழ்க்கைத் தரத்தை வைத்துத்தான் ஈட்டை அளக்க வேண்டும் என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். சம்பாதித்தவன் இறந்தால் அந்த வாதத்திலே பொருளுண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டு வேலைக்கு ஏற்ற அளவுகோல், அந்த வேலையேதான்.

மன்றங்கள் இதை உணராமல் இல்லை. ஆனால் உணர்ந்த வேகம் நத்தை வேகம். 1989 மார்ச் 3-ஆம் நாள், ஜாம்ஷெட்பூரிலே டாடா இரும்பாலையின் நிறுவனர் பிறந்தநாள் விழா. விழாப் பந்தலிலே தீ. 60 உயிர்கள் கருகின. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இழப்பீட்டைக் கணக்கிட, உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் அமர்த்தப்பட்டார். குடும்பப் பெண்களின் உழைப்புக்கு அவர் போட்ட மதிப்பு ஆண்டுக்கு 12,000 ரூபாய். 2001-இலே உச்ச நீதிமன்றம், இது மிகமிகக் குறைவு என்று சொல்லி, 34 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000 என்று உயர்த்தியது. ஒரே உழைப்பு, ஒரே தீ. ஒரு மேசையிலே 12,000, இன்னொரு மேசையிலே 36,000. மும்மடங்கு! நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்த ஒருவருக்கே அவளுடைய உழைப்பை அளப்பதிலே இவ்வளவு பிசகு நேர்ந்ததென்றால், கூண்டிலே நின்று 'சும்மாதான் இருந்துச்சு' என்ற அந்த ஏழையைக் குறைசொல்லி என்ன பயன்?

இங்கே சென்னைக்குப் பெருமை தரும் ஒரு செய்தி. 2009-இலே சென்னை உயர் நீதிமன்றத்திலே நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அவர்கள், தாயை இழந்த குழந்தையின் வழக்கொன்றிலே, இந்த உழைப்பை எப்படி அளப்பது என்று வழிமுறைகளை ஆராய்ந்தார். வீட்டிலே இராமல் வெளியே வேலைக்குப் போயிருந்தால் அவள் என்ன சம்பாதித்திருப்பாள் என்று பார்ப்பது ஒரு முறை. இல்லறம் சமபங்குக் கூட்டுத் தொழில், ஆகவே கணவன் வருமானத்திலே பாதி அவளுடையது என்பது இன்னொரு முறை. அவள் செய்த வேலைகளுக்கெல்லாம் ஆள் வைத்தால் என்ன செலவாகும் என்று கூட்டுவது மூன்றாவது முறை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, உச்ச நீதிமன்றமே அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டியது.

அடுத்த ஆண்டு, 2010-இலே, உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தீர்ப்பாயம் கணக்குப் போட்டு 6 லட்சம் என்று கண்டிருந்தது. கண்ட பிறகு, 'ஆனால் இந்த அம்மையார் உண்மையிலே சம்பாதிக்கவில்லையே' என்று சொல்லி அதை இரண்டரை லட்சமாக வெட்டியிருந்தது! உயர் நீதிமன்றமும் அதற்கு ஆமாம் போட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் 6 லட்சத்தையும் கொடு என்றது. அதோடு நிற்கவில்லை. நீதிபதி கங்குலி 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துப் பிரித்தார். சமைப்பவள், துலக்குபவள், பிள்ளை வளர்ப்பவள், தண்ணீர் சுமப்பவள், விறகு பொறுக்குபவள் எல்லோரும் 'உழைக்காதவர்' என்ற பிரிவிலே! அதே பிரிவிலே உடன் இருப்பவர்கள் யார்? பிச்சைக்காரர்கள், விலைமாதர்கள், சிறைக்கைதிகள்! ஏறத்தாழ 36 கோடிப் பெண்களை இப்படி உட்கார வைத்திருக்கிறார்களே என்று மனம் நொந்து எழுதினார். கூண்டிலே நின்றவன் மட்டுமா 'சும்மா' என்றான்? அரசாங்கத்தின் அச்சடித்த ஏடே அப்படித்தான் சொன்னது!

2021 ஜனவரியிலே, டெல்லியிலே ஒரு விபத்திலே கணவனும் மனைவியும் சேர்ந்து மாண்ட வழக்கு. தீர்ப்பாயம் தந்தது 40.71 லட்சம். உயர் நீதிமன்றம் அதை 22 லட்சமாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றம் 33.20 லட்சம் என்றது. நீதிபதி ரமணா தனியே எழுதிய தீர்ப்புரையிலே எண்களை அடுக்கினார். 2011 கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையே தம் முதன்மைப் பணி என்று சொன்ன பெண்கள் 15.98 கோடிக்கு மேல், ஆண்கள் 57.9 லட்சம். 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லா வீட்டு வேலைக்குப் பெண் நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரி 299 நிமிடம்; ஆண் செலவிடுவது 97 நிமிடம். ஐந்து மணி நேரம், தோழரே, ஞாயிறும் பொங்கலும் தீபாவளியும் உட்பட! பண்டிகை நாளிலே இரட்டிப்பு வேலை என்பதை அந்த ஆய்வுக்காரர்களிடம் யாராவது சொன்னார்களோ என்னவோ.

சிலர் கேட்பார்கள், "தாய்மைக்கு விலையா? பாசத்தைத் தராசிலே நிறுப்பதா? பண்பாடு என்னாவது?" என்று. உருக்கமான கேள்விதான்! ஆனால் இந்த உருக்கம் எப்போது பிறக்கிறது என்று கவனியுங்கள். தகப்பன் இறந்து, அவன் சம்பளத்தைக் கணக்கிடும்போது, 'தந்தையின் பாசத்துக்கு விலையா?' என்று யாரும் கேட்பதில்லை. பாசம் வேறு, சம்பளம் வேறு என்று அங்கே நன்றாகத் தெரிகிறது. தாய் என்றதும் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது! பாசத்தை யாரும் விலை பேசவில்லை ஐயா. அவள் இறந்த மறுநாள் காலை அடுப்பு எரிய வேண்டும். கைக்குழந்தையை யாராவது பார்க்க வேண்டும். அதற்காகக் கணவன் வேலைக்குப் போகாமல் இருந்தால் கூலி போகும். ஆள் வைத்தால் பணம் போகும். இது நட்டம். எண்ணிப் பார்க்கக்கூடிய, காசாலான, சுத்தமான நட்டம். இதற்கான ஈடு பிச்சையல்ல, கடன்!

கணக்கு எப்படி ஓடுகிறது என்று ஒருமுறை போட்டே பார்ப்போம். 2009-இலும் 2017-இலும் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகள் இதற்கு வழி வகுத்திருக்கின்றன. இறந்தவளுக்கு வயது 32. கணவன், இரண்டு குழந்தைகள். அவளுடைய உழைப்பின் மதிப்பு மாதம் 6,000 என்று மன்றம் கொண்டதாக வையுங்கள். வயது நாற்பதுக்குக் கீழ், மாதச் சம்பள நிரந்தர வேலை இல்லை. ஆகவே எதிர்கால உயர்வுக்கு நூற்றுக்கு 40 சேர்க்க வேண்டும். 8,400. ஆண்டுக்கு 1,00,800. அவளை நம்பியவர் மூவர். ஆகவே அவளுடைய சொந்தச் செலவுக்கென்று மூன்றிலொரு பங்கு கழிக்க வேண்டும். (மிச்சம் மீதி உண்டவளுக்கு மூன்றிலொரு பங்கு செலவு! இருக்கட்டும், விதி விதிதான்.) நிற்பது 67,200. 31 முதல் 35 வயது வரை பெருக்கெண் 16. ஆக, 10,75,200 ரூபாய். இதே கணக்கிலே பழைய 15,000-ஐ வைத்துப் பாருங்கள். மூன்றிலொரு பங்கு போய் 10,000. பதினாறால் பெருக்கினால் 1,60,000. 'சும்மா' என்ற சொல் தின்றது எவ்வளவு என்று இப்போது தெரிகிறதா? ஒன்பது லட்சத்துக்கு மேல்! தாயில்லாப் பிள்ளைகள் இருவர் படித்து முடிக்கும் செலவு அது.

2024 பிப்ரவரியிலே உச்ச நீதிமன்றம் மேலும் ஒன்று சொல்லியிருக்கிறது. வீட்டுப் பொறுப்பைச் சுமப்பவளின் உழைப்பைத் தினக்கூலி பெறுபவரின் ஊதியத்துக்கும் கீழாக எப்படி மதிப்பிட முடியும் என்று கேட்டது. அந்த விபத்து நடந்தது 2006-இலே. ஈடு முழுமை பெற்றது 2024-இலே. அடிமட்டம் எது என்று மன்றம் காட்டிவிட்டது. ஆனால் அது தீர்ப்பிலே இருக்கிறது. சட்டத்தின் வாசகத்திலே இல்லை. ஒவ்வோர் ஏழையும் படிப்படியாக ஏறி, டெல்லி வரை சென்று, பதினெட்டு ஆண்டு காத்திருந்தா இதைப் பெறுவது? பயிற்சி பெற்ற தொழிலாளிக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இல்லத்தரசியின் உழைப்பை மதிப்பிடக் கூடாது என்று நாடாளுமன்றம் ஒரு வரி எழுதினால் போதும். கணவனுடைய சம்பளம் அதற்கு மேல் ஏதும் தேடித்தந்தால் தரட்டும். கீழே இறக்கக் கூடாது.

அந்த வரி வரும்வரை, வழக்கு மன்றம் ஏறும் குடும்பத்தார் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மனு எழுதும்போது குமாஸ்தா கேட்பார், "இறந்தவர் தொழில்?" என்று. வழக்கம்போல் ஒரு கோடு இழுத்துவிடப் பேனாவைக் கொண்டுபோவார். நிறுத்துங்கள்! 'இல்லப் பராமரிப்பு' என்று எழுதச் சொல்லுங்கள். காலை முதல் இரவு வரை அவள் செய்த வேலைகளை ஒன்றுவிடாமல் மனுவிலே எழுதச் சொல்லுங்கள். மாடு வளர்த்தாளா? பால் சங்கத்து அட்டையைத் தேடி எடுங்கள். தையல் தைத்தாளா, பூக் கட்டி விற்றாளா? வாங்கியவர்களைச் சாட்சிக்கு அழையுங்கள். மகளிர் குழுவிலே சீட்டுக் கட்டினாளா? அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கொடுங்கள். அவள் போன பிறகு சமையலுக்கோ பிள்ளையைப் பார்க்கவோ ஆள் வைத்தீர்களா? அந்தக் கூலிக்கு ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்கி வையுங்கள். பிறகு கூண்டிலே ஏறுங்கள். கம்பெனி வக்கீல் எழுந்து, "உங்கள் மனைவி என்ன வேலை பார்த்து வந்தார்?" என்று கேட்பார். காலையிலே குழாயடியிலிருந்து தொடங்குங்கள்.